கொடூரம் என்ற சொல்லை எங்கே எழுதுவது, எங்கே விடுவது?

வாசகர் கேள்வி:

ஒரு செய்தி இணையதளத்தில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. குற்றச் செய்திகள் பெரும்பாலும் என் கைக்குத்தான் வரும். கொடுமை, கொடூரம், குரூரம், வன்கொடுமை, சித்திரவதை எல்லாவற்றையும் கலந்துகட்டி எழுதிக்கொண்டிருக்கிறோம். எது எங்கே வரவேண்டும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தலைப்பில் 'கொடூரம்' இல்லையென்றால் 'சூடு பத்தலை' என்று மேலாளர் திருப்பி அனுப்புகிறார். போன மாதம் ஒரு அம்மா அலுவலகத்துக்கு போன் செய்தார். கொலையான பெண்ணின் தாய். 'கொடூரமாகக் கொல்லப்பட்ட மாணவி' என்று நாங்கள் போட்ட தலைப்பைச் சொல்லி, 'என் பொண்ணு பேரைத் தேடினா அந்த வார்த்தைதான் முதல்ல வருது, எடுத்துடுங்க' என்றார். நடந்தது உண்மையிலேயே கொடூரம்தானே? அந்தச் சொல்லை எழுதியது தப்பா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் பல ஆண்டுகளாகப் பிரதி திருத்திக்கொண்டிருப்பவன் நான். நீங்கள் கேட்டிருப்பதில் அந்த அம்மாவின் விஷயம்தான் அவசரம். அதை முதலில் முடித்துவிடுவோம்.

'கொடூரமாகக் கொல்லப்பட்ட மாணவி' என்ற தொடரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'கொல்லப்பட்ட' என்பது பெயரெச்சம். அது போய் ஒட்டுவது மாணவி என்ற பெயரோடு. கொன்றவன் அந்தத் தொடரில் எங்கேயும் இல்லை. அவன் செய்கையைச் சொல்லவேண்டிய 'கொடூரம்', இறந்துபோன பெண்ணுக்கு அடைமொழி ஆகிவிட்டது. முதல் நாள் அது செய்தி. மறுநாள் 'கொடூரமாகக் கொல்லப்பட்ட மாணவியின் உடல் ஒப்படைப்பு' என்று வரும். அடுத்த வாரம் 'கொடூரமாகக் கொல்லப்பட்ட மாணவி வழக்கில் ஒருவர் கைது' என்று வரும். மூன்றாவது முறை எழுதும்போது அந்தச் சொல் எந்தப் புதுத் தகவலையும் தருவதில்லை. பட்டப்பெயர் மாதிரி அவளோடு நின்றுவிடுகிறது. அந்த அம்மா இலக்கணம் பார்த்துப் பேசவில்லை. ஆனால் அவருக்கு உறுத்தியது சரியாக இந்த இடம்தான்.

ஆகவே இன்றைக்கே மாற்றுங்கள். 'கல்லூரி மாணவி கொலை வழக்கு' என்பது போதும். தலைப்பை மட்டும் மாற்றினால் தேடலில் பழையதுதான் வந்துகொண்டிருக்கும். இணைப்பு முகவரியில், தேடுபொறிக்குப் போகும் சுருக்கக் குறிப்பில், படத்தின் கோப்புப் பெயரில், குறிச்சொற்களில் எல்லாம் அது உட்கார்ந்திருக்கும். அத்தனையையும் தொழில்நுட்பப் பிரிவோடு சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். எடுத்த பிறகு அந்த அம்மாவுக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். மேலாளர் அனுமதி தர யோசித்தால், கொலை நடந்ததை நாம் மறைக்கவில்லை, ஒரு அடைமொழியைத்தான் எடுக்கிறோம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த வழக்கில் பாலியல் குற்றமும் சேர்ந்திருந்தால் பெயரே வந்திருக்கக்கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72 ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, அதைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் பெயரை வெளியிடக்கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 18 வயது நிறையாதவர் என்றால் போக்சோ சட்டத்தின் 23 ஆம் பிரிவும் சேரும். பெயர், படம் மட்டுமல்ல, வீடு, பள்ளி, அக்கம்பக்கம் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் வெளியிடக்கூடாது.

சரி, இப்போது சொற்களுக்கு வருவோம்.

கொடுமைதான் இந்தக் குடும்பத்தில் மூத்தவள். 'கொடு' என்பதற்குப் பழந்தமிழில் வளைந்தது, நேரில்லாதது என்று பொருள். கொடுங்குழை என்றால் வளைந்த காதணி. கொடுந்தமிழ் என்றால் செந்தமிழ் நிலத்துக்கு வெளியே வழங்கிய வட்டாரத் தமிழ். அதில் இன்றைய பொருளில் எந்தக் கொடுமையும் இல்லை. கோல் நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். வளைவு என்ற பொருளிலிருந்து முறைகேடு என்ற பொருளும், அதிலிருந்து இன்று நாம் சொல்லும் கொடுமையும் வந்தன. வள்ளுவர் இந்த இரண்டு பொருளையும் ஒரே குறளில் மோதவிட்டிருக்கிறார்: 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது'. அம்பு நேராக இருக்கிறது, ஆனால் செய்வது கொடிது. யாழின் தண்டு வளைந்திருக்கிறது, ஆனால் தருவது இனிது. தோற்றத்தை விட்டுவிட்டு வினையைப் பார்த்து முடிவு செய் என்கிறார். குற்றச் செய்தி எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கொடுமைக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அதற்குச் செய்கிறவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. பசிக்கொடுமை, வெயில் கொடுமை, வறுமைக் கொடுமை என்கிறோம். 'கொடிது கொடிது வறுமை கொடிது' என்ற ஔவையின் வரியில் குற்றவாளி யாரும் இல்லை, ஆனாலும் அது முழுமையான வாக்கியம். இரண்டாவது, கொடுமை பெரும்பாலும் நீண்டு நடப்பது. 'கொடுமைப்படுத்தினான்' என்றதும் நாள்கணக்கு, வருடக்கணக்கு மனதில் வருகிறது. மாமியார் கொடுமை, வரதட்சணைக் கொடுமை, குடிகாரக் கணவனின் கொடுமை எல்லாம் இந்த வகை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அடியைக் 'கொடுமைப்படுத்தினான்' என்று நாம் சொல்வதில்லை.

இதை வைத்துக்கொண்டு கொடூரத்தைப் பாருங்கள். 'கொடூரப்படுத்தினான்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க முடியாது, தமிழில் அப்படி ஒரு வினை இல்லை. 'கொடூரமாக' என்றுதான் வரும்: கொடூரமாகத் தாக்கினான், கொடூரமாகக் கொன்றான். ஆக, கொடூரம் என்பது விதத்தைச் சொல்கிற சொல். என்ன செய்தான் என்பதை இன்னொரு வினை சொல்லவேண்டும். எப்படிச் செய்தான் என்பதைத்தான் கொடூரம் சொல்லும். மாமியார் கொடுமை உண்டு, மாமியார் கொடூரம் கிடையாது. கொடிய நோய், கொடிய விஷம் என்று எழுதுவோம். கொடூர நோய் என்று எழுதினால் நோய்க்கு முகமும் எண்ணமும் இருப்பதுபோல ஒலிக்கும்.

நீதிமன்றமும் இந்தச் சொல்லை விதத்துக்குத்தான் பயன்படுத்துகிறது. 1980 இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை அரிதினும் அரிதான வழக்கில்தான் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. எது அரிதினும் அரிது என்பதை 1983 இல் மச்சி சிங் வழக்கில் ஐந்து கோணங்களில் விளக்கியது. அதில் முதலாவது, கொலை செய்யப்பட்ட விதம் அளவுகடந்த கொடூரமானதா என்பது. நோக்கம், கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை, அவர்கள் யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு தனித்தனியாக வருகின்றன. ஒரு மனிதனின் உயிரை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் எடைபோட்டு வைக்கப்படும் சொல் அது. நாம் அதை இருசக்கர வாகன விபத்துக்கும் 'கொடூர விபத்து' என்று போடுகிறோம். விபத்தில் யாருடைய விருப்பம் இருந்தது, கொடூரம் என்பதற்கு? 'கோர விபத்து' என்று பழைய மேசைக்காரர்கள் எழுதினார்கள். கோரம் என்பது பார்ப்பவருக்கு ஏற்படும் அச்சத்தைச் சொல்வது, அங்கே அது பொருந்தும். என்னைக் கேட்டால் அதுவும் பெரும்பாலும் தேவையில்லை. எத்தனை பேர், எங்கே, எப்படி என்பது போதும்.

குரூரம் இன்னும் உள்ளே போகிறது. வடமொழியில் 'க்ரூர' என்பதற்கு இரத்தம் சொட்டுகிற, பச்சைப் புண்ணான என்று ஒரு பழைய பொருள் உண்டு. தமிழுக்கு வந்தபின் அது மனதின் நிலையைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. குரூர எண்ணம், குரூரப் பார்வை, குரூரச் சிரிப்பு. பிறர் வலியைப் பார்த்து ரசிக்கிற மனம். கதைக்குப் பொருத்தமான சொல். செய்திக்குப் பெரும்பாலும் பொருந்தாது, ஏனென்றால் ஒருவர் மனதுக்குள் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது. முதல் தகவல் அறிக்கையில் அது இருக்காது. தீர்ப்பில் நீதிபதி சொன்னால் அவர் சொன்னதாக மேற்கோளில் போடுங்கள்.

இனி வன்கொடுமை. உங்கள் கேள்வியில் உள்ள சொற்களிலேயே அதிகம் குழப்பப்படுவதும் அதிக கவனம் வேண்டுவதும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்தால் 'மிகப் பெரிய கொடுமை' என்று தோன்றும். அதனால்தான் இரத்தம் நிறையச் சிந்திய செய்திகளிலெல்லாம் வன்கொடுமை என்று எழுதுகிறார்கள். ஆனால் இந்தியாவில் அது ஒரு சட்டத்தின் பெயரில் இருக்கும் சொல்: பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1989 இல் நிறைவேறி 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 3 ஆவது பிரிவை நீங்கள் ஒருமுறை முழுதாகப் படிக்கவேண்டும். எவையெல்லாம் வன்கொடுமை என்று அங்கே வரிசையாக இருக்கிறது. உண்ணத்தகாததைத் தின்னவைப்பது. வீட்டு வாசலில் மலத்தையோ செத்த விலங்கின் உடலையோ கொட்டுவது. நிலத்தை அபகரிப்பது. கூலியில்லாமல் வேலை வாங்குவது. ஓட்டுப்போட விடாமல் தடுப்பது. குடிக்கிற தண்ணீரைப் பாழாக்குவது. வழக்கமாக நடந்துபோகிற பாதையை மறிப்பது. வீட்டை விட்டு, கிராமத்தை விட்டு விரட்டுவது. 2015 இல் செய்த திருத்தத்தில் செருப்பு மாலை போடுவது, மீசையை மழிப்பது, சமூகப் புறக்கணிப்பு செய்வது போன்றவையும் சேர்ந்தன.

இதில் எத்தனையில் இரத்தம் இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். ஒரு மனிதனைப் பிடித்துவைத்து மீசையை எடுக்கிறார்கள். மருத்துவமனையில் காட்டினால் காயம் எதுவும் இல்லை என்று எழுதித் தருவார்கள். ஆனால் சட்டம் அதை வன்கொடுமை என்கிறது. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. யார், யாரை, எந்தத் துணிச்சலில் செய்கிறார்கள் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். வன்மையின் அளவை அது காயத்தை வைத்துப் பார்ப்பதில்லை.

நடைமுறையில் நம் செய்திகளில் நடப்பது தலைகீழ். சாதி சம்பந்தமில்லாத கொலைக்கு வன்கொடுமை என்று போடுகிறோம். பாதையை மறித்து அடித்ததற்கு 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று போடுகிறோம். மோதல் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம பலத்தோடு இறங்கியதாக அர்த்தம். அடித்தவர்களும் அடிவாங்கியவர்களும் அந்த ஒரு சொல்லில் சமமாகிவிடுகிறார்கள். வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் அதை எழுதுங்கள், எந்தச் செயலுக்காக என்பதையும் எழுதுங்கள். 'பிசிஆர் கேஸ்' என்று பேச்சில் சொல்வதை அப்படியே எழுத்தில் கொண்டுவராதீர்கள். அது 1955 இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (Protection of Civil Rights Act); வேறு சட்டம், வேறு தண்டனை.

வன்கொடுமைக்கு இன்னொரு வாழ்க்கையும் இருக்கிறது: பாலியல் வன்கொடுமை. இது நாம் போராடிச் சம்பாதித்த சொல் என்றே சொல்வேன். முன்பு செய்திகளில் 'கற்பழிப்பு' என்றுதான் வரும். குற்றம் செய்தவன் ஒருவன், அழிந்ததாகச் சொல்லப்படுவது அவளுடைய ஒன்று. அந்தச் சொல் நடந்ததைச் சொல்லாமல் பெண்ணுக்கு ஒரு தீர்ப்பு எழுதியது. பெண்ணிய அமைப்புகளும் எழுத்தாளர்களும் தொடர்ந்து கேட்டதால் பெரும்பாலான செய்தி மேசைகள் அதைக் கைவிட்டன. 'பாலியல் வன்கொடுமை' பழைய சொல்லின் பாரத்தை இறக்கிவைத்தது. ஆனால் புதிதாக ஒரு சிக்கலும் வந்தது. அத்துமீறிய தொடுதல் முதல் வல்லுறவு வரை எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில் எழுதத் தொடங்கிவிட்டோம். பின்தொடர்வது, சீண்டுவது, வல்லுறவு மூன்றும் சட்டத்தில் வேறு வேறு பிரிவுகள். வழக்கு எந்தப் பிரிவில் என்பதைப் பார்த்து, வாசகருக்குப் புரிகிற அளவுக்குப் பிரித்து எழுதுங்கள். உடல் விவரங்களுக்குள் போகவேண்டாம்.

வீட்டுக்குள் நடப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் வெறும் 'கொடுமை'. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983 இல் சேர்த்த 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆம் பிரிவுகள். ஒரு பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது அவள் உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ கடும் கேடு விளைவிக்கக்கூடிய நடத்தை, வேண்டுமென்றே செய்யப்பட்டால் கொடுமை. பணமோ பொருளோ கேட்டுத் தொல்லை செய்வதும் கொடுமை. அடித்திருக்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை. நம் செய்திகளில் இதற்குக் கிடைக்கும் பெயர் 'குடும்பத் தகராறு'. தகராறு என்றால் இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தார்கள். வருடக்கணக்காக ஒருவர் செய்து ஒருவர் பட்டதற்கு அந்தப் பெயர் எப்படிச் சேரும்?

காயத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. கொடுங்காயம் என்று ஒரு சட்டச் சொல் உண்டு. கேட்டதும் குடல் சரிந்தது மாதிரி கற்பனை வரும். சட்டத்தில் ஒரு பல் உடைந்தாலே கொடுங்காயம்தான். ஒரு கண்ணின் பார்வை போவது, ஒரு காது கேட்காமல் போவது, முகத்தில் நிரந்தரத் தழும்பு, எலும்பு முறிவு எல்லாம் அதில் அடக்கம். 20 நாள் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்யமுடியாமலோ கிடந்தால் என்று இருந்ததை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் 15 நாள் ஆக்கியிருக்கிறது. போலீஸ் தரும் குறிப்பில் கொடுங்காயம் என்று இருந்தால் அதை 'கொடூர காயம்' என்று மாற்றி எழுதாதீர்கள். என்ன காயம் என்று கேட்டு அதை எழுதுங்கள்.

சித்திரவதையின் கதை விசித்திரமானது. அர்த்தசாஸ்திரம் மரண தண்டனையை இரண்டாகப் பிரிக்கிறது. சுத்தம் என்றால் துன்புறுத்தாமல் கொல்வது. சித்திரம் என்றால் பலவிதமாக வதைத்துக் கொல்வது. அந்தச் சித்திரம்தான் நம் சொல்லில் இருப்பது. ஆக, தொடக்கத்திலிருந்தே சித்திரவதைக்குப் பின்னால் ஓர் அரசு, ஓர் அதிகாரம் நின்றிருக்கிறது. இன்றைய சர்வதேசச் சட்டமும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. 1984 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, உடலிலோ மனதிலோ கடும் வலியை வேண்டுமென்றே ஏற்படுத்துவது, வாக்குமூலம் வாங்கவோ தண்டிக்கவோ மிரட்டவோ பாகுபாடு காரணமாகவோ செய்வது, அரசு அதிகாரியோ அவருடைய சம்மதத்தோடு இன்னொருவரோ செய்வது என்று மூன்று கூறுகளையும் சேர்த்து வரையறுக்கிறது. இந்தியா 1997 இல் அதில் கையெழுத்திட்டது. ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் உறுதி தரவில்லை.

பேச்சில் 'இந்த டிராஃபிக் சித்திரவதை' என்று சொல்வதைத் தடுக்க யாராலும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். மொழி அப்படித்தான் வாழும். 'கொடுமை கொடுமை என்று கோயிலுக்குப் போனால் அங்கே ரெண்டு கொடுமை தலைவிரித்து ஆடியதாம்' என்ற பழமொழியில் கொடுமை எவ்வளவு இலேசாக வந்துவிட்டுப் போகிறது! ஆனால் செய்தியில், காவல் நிலையத்தில் ஒருவரை அடித்து அவர் இறந்திருக்கும்போது 'விசாரணையின்போது உடல்நலக் குறைவால் மரணம்' என்று மட்டும் எழுதி, வேறொரு பக்கத்தில் கணவனும் மனைவியும் சண்டைபோட்டதற்குச் சித்திரவதை என்று எழுதினால், அந்தச் சொல்லைப் பறித்து வேண்டாத இடத்தில் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். குடும்பத்தினர் காவல் சித்திரவதை என்று குற்றம் சாட்டினால் அவர்கள் சொன்னதாக அந்தச் சொல்லை அப்படியே போடுங்கள். காவல்துறையின் விளக்கத்தை அதற்குப் பக்கத்தில் போடுங்கள். இரண்டில் எது உண்மை என்பது பிறகு தெரியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே மென்மையாக்குவது நம் வேலை அல்ல.

இனப்படுகொலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என்றாவது உங்கள் மேசைக்கு வரும். படுகொலை என்று இங்கே நான் சொல்வது பலரைக் கொன்றதை. ஜாலியன்வாலாபாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று நடந்தது படுகொலை. இனப்படுகொலை என்பது 1948 ஐ.நா. உடன்படிக்கையின்படி, ஓர் இனத்தையோ மதக் குழுவையோ முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்வது. எண்ணிக்கையைவிட நோக்கம்தான் அங்கே பேச்சு. முள்ளிவாய்க்காலைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். இலங்கையின் வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் இனப்படுகொலை என்றே தீர்மானம் நிறைவேற்றியது. யார் அப்படிச் சொல்கிறார்கள், எதை ஆதாரமாக வைக்கிறார்கள் என்று எழுதினால் தயங்கவேண்டியதில்லை.

இரண்டு சொற்களை மட்டும் உங்கள் மேசையிலிருந்தே எடுத்துவிடச் சொல்வேன். மிருகத்தனம், காட்டுமிராண்டித்தனம். எந்த மிருகமும் வரதட்சணை கேட்டு யாரையும் எரித்ததில்லை. காட்டில் வாழ்கிற மக்களை இழிவுபடுத்தும் சொல்லை வைத்து நகரத்தில் நடந்த குற்றத்தைத் திட்டுவது நியாயமும் இல்லை. அதைவிட முக்கியமாக, இந்தச் சொற்கள் குற்றவாளியை மனிதக் கூட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. அவன் நம் தெருவில் வளர்ந்தவன், நம் பள்ளியில் படித்தவன், அவன் வீட்டில் நடந்தது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருந்தது என்பதையெல்லாம் அதன்பிறகு யாரும் கேட்பதில்லை.

உங்கள் மேலாளர் விஷயம். சூடு வேண்டும் என்று அவர் கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். படிக்கவைக்கவேண்டியது அவர் பொறுப்பு. ஆனால் சூடு அடைமொழியில் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த வாக்கியத்தில் கொடூரம் என்ற சொல்லை எங்கே வைத்தாலும் அது வாக்கியத்தைப் பலவீனமாக்கும். வைத்துப் பாருங்கள், தெரியும். அதேபோல 'மனைவியைக் கொடூரமாகத் தாக்கிய கணவன்' என்பதைவிட 'மனைவியின் பல்லை உடைத்த கணவன் கைது' என்பது குறைவாகச் சொல்லி அதிகம் காட்டுகிறது. 'முதியவருக்கு நேர்ந்த கொடூரம்' என்பதைவிட 'முதியவரை மூன்று நாள் அறையில் பூட்டிவைத்த மகன் மீது வழக்கு' என்பதைத்தான் வாசகர் திறந்து படிப்பார். தலைப்பு எழுதும்போது முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். பூட்டினான், மறித்தான், மழித்தான், எரித்தான். அது கிடைத்துவிட்டால் அடைமொழி தானாக உதிர்ந்துவிடும். அப்படியும் ஒருநாள் வினை மட்டும் போதாது என்று தோன்றினால் கொடூரம் என்று எழுதுங்கள், தயங்காமல். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்தால் அதற்கு மதிப்பிருக்கும்.

சட்டரீதியாகவும் அவரிடம் ஒன்று சொல்லவேண்டும். 'கொடூரன் கைது' என்ற தலைப்பு உங்கள் தளத்தில் அடிக்கடி வருகிறது என்றால், கைதானவர் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவர்தான். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971 இன்படி, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் வழக்கு நிலுவையில் இருப்பதாகக் கணக்கு. விசாரணையைப் பாதிக்கும்படி எழுதுவது அங்கே சிக்கலாகும். அவர் விடுதலையானால் அவதூறு வழக்கும் வரலாம், அப்போது பெயர் போட்டு எழுதியவரும் வெளியிட்டவரும் சேர்ந்துதான் நிற்கவேண்டும். 'கொலை வழக்கில் ஒருவர் கைது' என்று தலைப்பு வையுங்கள். தீர்ப்பு வந்து குற்றம் உறுதியான பிறகு, தீர்ப்பில் நீதிபதி எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறாரோ அதை மேற்கோளோடு எடுத்துப் போடுங்கள். உங்கள் மேலாளர் இந்தக் காரணத்தையாவது கேட்பார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.